ஸ்டாலில் என்ன பலகாரம் போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் வார இறுதிச் சந்தை, கல்லூரி விழா, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடக்கும் விற்பனை நாள் என்று எங்கு இடம் கிடைத்தாலும் ஒரு மேஜை போட்டுப் பலகாரம் விற்கிறேன். ஒன்பது வருடமாகிறது. புதிதாக ஸ்டால் போடுகிறவர்கள் போன் செய்து கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, நான் சொல்லும் பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா, முதல் தடவை ஸ்டால் போடப்போறேன். எதை வச்சா நல்லா ஓடும்?

எது ஓடும் என்பதற்கு முன்னால், வாங்குகிறவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். ஒரு கையில் பை இருக்கும், இல்லையென்றால் குழந்தை. உட்கார நாற்காலி கிடையாது. மீதி இருக்கும் ஒரே கையால் சாப்பிட முடிந்தால்தான் வாங்குவார். சாம்பாரில் மிதக்கும் இட்லி எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதை நின்றுகொண்டு ஒரு கையில் சாப்பிட முடியாது. சட்டையில் ஊற்றிக்கொண்டவர் அடுத்த முறை உங்கள் பக்கமே வரமாட்டார்.

நான் எந்தப் பலகாரத்தையும் வீட்டிலேயே சோதித்துவிட்டுத்தான் கொண்டுபோவேன். காலை 7 மணிக்குச் செய்து, மூடி, ஃபேன் இல்லாத இடத்தில் மேஜைமேல் வைத்துவிடுவேன். 10 மணிக்கு எடுத்து, நின்றுகொண்டு, இடது கையில் ஒரு பையையும் மாட்டிக்கொண்டு சாப்பிட்டுப் பார்ப்பேன். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. இந்தச் சோதனையில் தேறியவை சுண்டல், தட்டுவடை செட், பொடி போட்ட குட்டி இட்லி, உப்புக் கொழுக்கட்டை. தேறாதவை வெண்பொங்கல் (கல்லாகிவிட்டது), உப்புமா (யாருமே காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்), மசால் வடை (எண்ணெய் கசிந்து தொய்ந்துபோனது).

முதல் தடவை என்றால் இரண்டே அயிட்டம் போதும், கூட ஒரு பானம். ஐந்தாறு வகை வைத்தால் பார்க்கிறவர் யோசித்துக்கொண்டே நிற்பார், பின்னால் இருப்பவர் நகர்ந்துவிடுவார்.

ஸ்டாலிலேயே சுடச்சுடப் போட்டுக் கொடுத்தாத்தானே கூட்டம் வரும்?

வரும். வந்த கூட்டம் நிற்குமா என்பதுதான் கேள்வி. பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். 12 குழிச் சட்டியில் எண்ணெய் விட்டு, மாவு ஊற்றி, திருப்பி, குத்தி எடுக்க ஆறு நிமிடம் ஆகிறது. மணிக்குப் பத்து ஈடு, 120 பணியாரம். ஒரு தட்டுக்கு ஐந்து என்றால் 24 தட்டு. சந்தைகளில் உண்மையான கூட்டம் மாலை 6 முதல் 8 வரைதான். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் மூச்சுவிடாமல் ஊற்றினாலும் 48 தட்டுக்குமேல் வராது. இந்த 48 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விலை பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

அதனால் நான் பின்பற்றுவது இதுதான்: எல்லா வேலையும் வீட்டில் முடிந்திருக்கும், கடைசி ஒரே ஒரு வேலை மட்டும் ஸ்டாலில் நடக்கும். சுண்டல் என்றால் கடலை வெந்து வடிந்து வரும், தாளிப்பு மட்டும் அங்கே. அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தாளிப்பேன். கடுகு வெடித்து, கறிவேப்பிலையும் பெருங்காயமும் எண்ணெயில் விழும்போது எழும்பும் வாசனை பத்து ஸ்டால் தள்ளி நிற்பவரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். சுடச்சுட என்று நீங்கள் தேடுவது அந்த வாசனையைத்தான். அதற்கு முழுச் சமையலையும் அங்கே செய்ய வேண்டியதில்லை.

தட்டுவடை செட் சேலத்துக்காரங்க சமாச்சாரமாச்சே. மத்த ஊர்ல எடுபடுமா?

எடுபடுகிறது. தெரியாதவர்கள்தான் முதலில் வந்து நிற்கிறார்கள், என்ன அது என்று கேட்டுக்கொண்டு. சேலத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும், கரூரில் அதன் பங்காளி மாதிரி ‘கரம்’ இருக்கிறது. நெருப்பே தேவையில்லை என்பதால் அரங்குக்குள் நடக்கும் விழாக்களுக்கு இதைவிடத் தோதான பலகாரம் எனக்குத் தெரியவில்லை.

செய்முறை கண்முன்னே நடப்பதே பாதி விற்பனை. வாயகலத்துக்கு மேல் போகாத சின்னத் தட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி ஒரு தடவல், மல்லி புதினா அரைத்த பச்சைச் சட்னி ஒரு தடவல். துருவிய காரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம். மேலே இன்னொரு தட்டை வைத்து லேசாக ஓர் அழுத்து. ஒரு தட்டில் நான்கு அடுக்கு வைக்கிறேன். கை பழகிவிட்டால் நாற்பது நொடி. அழுத்தும்போது ‘நறுக்’கென்று ஒரு சத்தம் வரும், குழந்தைகள் அதற்காகவே இன்னொன்று கேட்பார்கள்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. அடுக்கிய ஐந்து நிமிடத்தில் தட்டை ஊறிவிடும், அதனால் ஆர்டர் வந்தபிறகுதான் அடுக்க வேண்டும். வெங்காயத்தை மணிக்கு ஒருமுறை புதிதாக நறுக்குங்கள், காலையில் நறுக்கியது மதியம் வீச்சமடிக்கும். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாமே சிவந்துவிடும். தட்டையை நீங்களே சுடாதீர்கள். நல்ல பலகாரக் கடையில் வாங்குங்கள், வாங்கும்போது ஒன்றை உடைத்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை இருந்தால் பழைய எண்ணெய், மொத்த டப்பாவையும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தேங்காய்ச் சட்னி இல்லாம இட்லியை எப்படிக் கொடுக்கிறது?

இந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. மே மாதம், காலை 6 மணிக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தேங்காய்ச் சட்னி அரைத்து எடுத்துப் போனேன். 11 மணிக்கு மூடியைத் திறந்தபோது ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ். ருசி பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நாற்பது தட்டு இட்லி தொட்டுக்கொள்ள எதுவுமில்லாமல் நின்றது. பக்கத்து ஸ்டால் ஊறுகாய்க்காரரிடம் ஒரு பாட்டில் பூண்டு ஊறுகாய் வாங்கி ஒப்பேற்றினேன்.

துருவிய தேங்காயில் ஈரமும் இருக்கிறது, சத்தும் இருக்கிறது. நாமும் கையால் தொட்டு, மிக்ஸியில் சூடேற்றி, வெயிலில் வைக்கிறோம். கெடாமல் என்ன செய்யும்? மேலே தாளித்துக் கொட்டினால் கெடாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தாளிப்பு வாசனைக்குத்தான், அது காவல் காக்காது.

இட்லிக்கு இப்போது பொடிதான். குட்டி இட்லியை ஆறவிட்டு, நல்லெண்ணெயில் மிளகாய்ப் பொடியைக் குழைத்துப் புரட்டி எடுத்துப்போகிறேன். எண்ணெய் மேலே படிந்திருப்பதால் இட்லி காய்ந்து விறைப்பதில்லை, ஊற ஊற ருசியும் கூடுகிறது. இட்லியை ஆறவைக்காமல் புரட்டினால் மட்டும் மாவாகப் போய்விடும். சட்னி வைத்தே தீருவேன் என்றால் கொதித்து ஆறிய தண்ணீரில், கொஞ்சம் புளி சேர்த்து, கெட்டியாக அரைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். மணிக்கு ஒரு டப்பா வெளியே எடுங்கள், மிஞ்சியதை அடுத்த டப்பாவோடு கலக்காதீர்கள்.

செஞ்சு எத்தனை மணி நேரம் வரைக்கும் விக்கலாம்?

சூடாக வைப்பது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிராக வைப்பது 5 டிகிரிக்குக் கீழ். இரண்டுக்கும் நடுவில் கிருமிகள் பெருகும், நம் ஊர் வெயில் அவற்றுக்கு மிகவும் பிடித்த சூடு. அந்த நடுச்சூட்டில் மொத்தமாக நான்கு மணி நேரம் கிடந்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வெயில் காலத்தில் நான் மூன்று மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நேரம் ஓட ஆரம்பிப்பது ஸ்டாலுக்கு வந்தபிறகு இல்லை, அடுப்பிலிருந்து இறக்கி ஆறத் தொடங்கியதிலிருந்து. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள். தட்டை, முறுக்கு, கடலை மிட்டாய் மாதிரி ஈரமில்லாதவற்றுக்கு இந்தக் கணக்கு கிடையாது.

அப்போ எலுமிச்சை சாதம், தயிர் சாதம்? அதெல்லாம் கட்டுச்சாதமாச்சே, கெடாதே?

கட்டுச்சாதம் கட்டியவர்கள் புளியோதரையைத்தான் பெரிதும் கட்டினார்கள். அதில் புளிக்காய்ச்சலும் எண்ணெயும் காவலுக்கு நின்றன. இன்று நாம் பெரிய குக்கரில் வடித்து, சூட்டோடு மூடி வைத்து, மதியம் வரை விற்கிறோம். அது வேறு சங்கதி.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், வேகவைத்தாலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. எலுமிச்சையின் புளிப்பு ஓரளவு உதவும், அதையே நம்பிவிட வேண்டாம். சாதத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் கலந்து, முன்பே சொன்ன மூன்று மணி நேரத்துக்குள் விற்றுவிடுங்கள். தயிர் சாதம் ஐஸ் பெட்டி இல்லாமல் வேண்டவே வேண்டாம். என்னைக் கேட்டால், சாத வகையே சந்தை ஸ்டாலுக்கு கனமான சரக்கு. சாப்பிட்டவர் வயிறு நிறைந்து வீட்டுக்குப் போய்விடுவார், உங்கள் பக்கத்து ஸ்டால்காரர்களும் உங்களைக் கோபமாகப் பார்ப்பார்கள்.

சுண்டலுக்கு எவ்வளவு கடலை ஊறப்போடணும்?

ஒரு கிலோ கொண்டைக்கடலை எட்டு மணி நேரம் ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும். தொன்னைக்கு 80 கிராம் வீதம் 25 பேருக்குக் கொடுக்கலாம். தேங்காய்த் துருவலைத் தட்டில் போடும்போதுதான் தூவ வேண்டும், காரணம் மேலே சட்னிக் கதையில் இருக்கிறது. கல்லூரி விழா என்றால் பட்டாணியில் மாங்காயும் போட்டு மெரினா பாணியில் கொடுங்கள். மாங்காய்த் துண்டு கண்ணில் படும்படி மேலே இருக்கட்டும்.

எத்தனை பேர் வருவார்கள் என்று ஏற்பாட்டாளரைக் கேட்டால் ஆயிரம், இரண்டாயிரம் என்பார். அந்த எண்ணை உணவு ஸ்டால்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததில் பாதிக்குச் செய்துகொண்டு போங்கள். இரண்டாம் ஈட்டுக்கான கடலையை ஊறவைத்து, வேகவைக்காமல், வீட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேவைப்பட்டால் போன் போட்டு வேகவைக்கச் சொல்லலாம். தேவைப்படாவிட்டால் மறுநாள் வீட்டில் குருமா.

இண்டக்ஷன் அடுப்பு எடுத்துட்டு வரலாமா? பிளக் பாயின்ட் தருவாங்களாமே.

எந்தப் பாயின்ட் என்று கேளுங்கள். பெரும்பாலும் நீண்ட ஒயரில் தொங்கும் 5 ஆம்பியர் பாயின்ட்தான் தருவார்கள். 230 வோல்ட்டில் அது தாங்குவது சுமார் 1,150 வாட். உங்கள் அடுப்பு 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஒரு கல்லூரி மைதானத்தில் நான் அடுப்பைப் போட்ட மூன்றாவது நிமிடம் எங்கள் வரிசை முழுவதும் இருட்டாகிவிட்டது. எட்டு ஸ்டால்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். 15 ஆம்பியர் பாயின்ட் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டால் மட்டும் இண்டக்ஷன்.

கேஸ் என்றால் வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் நம் மேஜைக்குப் பெரிது, 5 கிலோ சிலிண்டர் தாராளம். மூடிய அரங்குகளில் பல இடத்தில் நெருப்பையே அனுமதிக்க மாட்டார்கள். அங்கே தட்டுவடை செட்தான் கை கொடுக்கும்.

பேப்பர் தட்டு, பேப்பர் கப் வச்சுக்கலாம்தானே? பிளாஸ்டிக் இல்லையே அது.

உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் பிளாஸ்டிக் பூச்சு பூசியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் அதில் உண்டு, உறிஞ்சு குழலும் உண்டு. செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவதும் கூடாது, மையிலுள்ள ரசாயனம் எண்ணெயோடு உணவில் இறங்கும்.

சுண்டலுக்குத் தொன்னை, மற்றதற்குச் சின்னப் பாக்குமட்டைத் தட்டு. தொன்னையில் குழம்பாக எதையும் ஊற்றாதீர்கள், தைத்த இடத்தில் ஒழுகும். குப்பைக்கூடை ஒன்றை நீங்களே கொண்டுபோய் ஸ்டாலிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். காலடியில் எச்சில் தட்டு குவிந்திருக்கும் ஸ்டாலில் யார் சாப்பிடுவார்கள்?

ஒருநாள் கூத்துக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவெல்லாம் வேணுமா?

வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும் உணவு வியாபாரம்தான். சின்ன அளவில் செய்பவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் மிகக் குறைவு. கிடைக்கும் 14 இலக்க எண்ணை அச்சடித்து ஸ்டாலில் மாட்டுங்கள். பெரிய விழாக்களில் இந்த எண் இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்குவதில்லை.

சின்னப் பசங்க சுண்டலெல்லாம் திம்பாங்களா? மயோனைஸ் சாண்ட்விச், பஞ்சு மிட்டாய், புகை பிஸ்கட்னு வச்சாத்தானே ஓடும்?

மூன்றிலும் வம்பு இருக்கிறது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெயிலில் வைத்த பச்சை முட்டையை நான் தொடமாட்டேன். ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் பஞ்சு மிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தடை வந்தது. புகை பிஸ்கட்டில் வருவது திரவ நைட்ரஜன், முழுவதும் ஆவியாகாமல் வாய்க்குள் போனால் வாயையும் குடலையும் பொசுக்கிவிடும்.

பசங்களுக்கு வெல்லப் பணியாரம் வையுங்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும் என்பதால் அதை வீட்டிலேயே சுட்டு எடுத்துப் போகலாம். ஸ்வீட் கார்ன் சுண்டல் கொடுங்கள். கோவில்பட்டி கடலை மிட்டாயை உடைத்துக் கண்ணாடி ஜாடியில் வைத்தால் அப்பாக்களும் சேர்ந்து வாங்குவார்கள்.

பார்வைக்கு எப்படி அடுக்கி வைக்கிறது?

பெரிய அண்டாவை மேஜைமேல் ஏற்றாதீர்கள். பாதி காலியான அண்டாவைப் பார்த்தால் மிச்சம் மீதி மாதிரி தெரியும். சின்னப் பித்தளை உருளியோ எவர்சில்வர் பாத்திரமோ வைத்து, மேஜைக்கு அடியிலிருந்து அடிக்கடி நிரப்புங்கள். எப்போது பார்த்தாலும் நிறைந்திருக்க வேண்டும். மேலே கண்ணாடி மூடி அல்லது வலை. ஈ ஒன்று உட்கார்ந்தால் போதும், எதிரே நிற்பவர் முகம் மாறும்.

தயாரான ஒரு தட்டை முன்னால் வைத்துக் காட்டுங்கள், அதை விற்காதீர்கள். விலைப்பலகையைவிட அதுதான் அதிகம் பேசும், எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கக்கூடத் தேவையிருக்காது. அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாலையில் மஞ்சள் பல்பு போடுங்கள். வெள்ளை டியூப் வெளிச்சத்தில் சுண்டல்கூட நோயாளி மாதிரி வெளிறித் தெரியும்.

நான் போடறது சேலை ஸ்டால். வர்றவங்களுக்கு ஏதாவது கொடுக்கணும்னு ஆசை. என்ன கொடுக்கலாம்?

எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கொடுக்காதீர்கள், அடுத்த நொடி அந்தக் கை உங்கள் பட்டைத்தான் தொடும். லட்டு உதிரும், பொரி பறக்கும், பானகம் கொட்டினால் கறை. தாளில் சுற்றிய சின்னக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் என்று ஒரே வாயில் முடிவதாக இருக்கட்டும். அதையும் உள்ளே வரும்போது நீட்டாமல், பில் போட்டுப் பையைக் கொடுக்கும்போது கொடுங்கள். குடிக்கத் தண்ணீர் வைத்தாலே பாதிப் பேர் வாழ்த்துவார்கள், அதையும் வாசலோரம் வையுங்கள்.

நகை, புத்தகம், ஓவியம் விற்பவர்களுக்கும் இதே பதில்தான். மண்பாண்டம் விற்பவர்கள் மட்டும் தாராளமாக நீர்மோர் ஊற்றலாம், அவர்கள் குவளையிலேயே.

குடிக்கிறதுக்கு என்ன வைக்கலாம்?

வெயில் காலத்தில் நீர்மோர், நன்னாரி சர்பத். குளிர் காலத்து மாலையில் மதுரைப் பருத்திப்பால், ஃபிளாஸ்க்கில் வைத்தால் சூடு நிற்கும். ஜிகர்தண்டாவுக்கு ஆசைப்படாதீர்கள். பாலும் ஐஸ்கிரீமும் கடல்பாசியும் ஒரே குளிரில் நிற்க ஃப்ரீசர் வேண்டும்.

ஐஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது, குடிநீரில் உறைந்த ஐஸ்தான் தம்ளருக்குள் போகலாம். எவர்சில்வர் தம்ளரில் கொடுத்து, கழுவ ஓர் ஆள் வைக்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் மண் குவளை.

கோதுமை சேராதது எது, வெங்காயம் பூண்டு இல்லாதது எதுன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?

தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். சுண்டலில் கோதுமை எங்கே வந்தது என்று நினைப்போம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவில் எழுதியிருப்பார்கள். கோதுமை ஒவ்வாதவருக்கு அந்தச் சிட்டிகையே அதிகம். இட்லிப் பொடியிலும் பெருங்காயம் இருக்கிறது. தட்டையில் சிலர் வேர்க்கடலை சேர்ப்பார்கள், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிராபத்து. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வருவார்கள், அவர்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாத ஓர் அயிட்டம் அவசியம். சுண்டல் அதற்கென்றே பிறந்தது. கரண்டியை மட்டும் தட்டுவடைச் சட்னி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு தட்டுக்கு எவ்வளவு வைக்கலாம்?

எனக்கு ஆகும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 50 ரூபாய்த் தட்டில் சாமான், தட்டு, கேஸ் எல்லாம் சேர்த்து 17 ரூபாய் போகிறது என்று வையுங்கள். கையில் நிற்பது 33. இட வாடகை 2,000, உதவிக்கு வரும் பெண்ணுக்கு 700, ஆட்டோ 500. ஆக 3,200. அதை 33-ஆல் வகுத்தால் 97. அதாவது 97 தட்டு விற்கும்வரை நீங்கள் உழைப்பது மற்றவர்களுக்காக. ஒரே பணியாரச் சட்டியோடு போனால் கூட்ட நேரத்தில் 48 தட்டு என்று பார்த்தோமே, அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பணியாரத்தைச் சுட்டு விற்பதை விட்டது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான்.

விலையை 50, 60, 100 என்று முழுசாக வையுங்கள். 45 வைத்தால் சில்லறை தேடுவதில் ஒரு தட்டு போடும் நேரம் போய்விடும். ஜிபே அட்டையை வாங்குபவர் பக்கமாகத் திருப்பி, எண்ணெய் படாத இடத்தில் நிறுத்துங்கள். மைதானத்தில் கூட்டம் கூடினால் சிக்னல் படுத்துவிடும், அதனால் பத்து ரூபாய்த் தாள் கட்டு ஒன்றும் இருக்கட்டும்.

கடைசி ஒரு மணி நேரம் விலையைக் குறைச்சு வித்துடலாமா?

முறுக்கு, தட்டை என்றால் குறைக்கவே வேண்டாம், அடுத்த வாரம் ஓடும். சுண்டலும் இட்லியும் மேலே சொன்ன நேரத்துக்குள் இருந்தால் பக்கத்து ஸ்டால்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன். காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர்கள், பசியோடு இருப்பார்கள். அவர்களில் சிலர் அடுத்த சந்தையில் ஐந்து பேரை நம் பக்கம் அனுப்புவார்கள். நேரம் தாண்டியிருந்தால் யாருக்கும் கொடுக்கக் கூடாது, வீட்டுக்கும் எடுத்துப்போகக் கூடாது.

வாங்கிட்டுப் போனவர் வயிறு சரியில்லைன்னு போன் பண்ணா என்ன செய்யறது?

முதலில் சண்டைக்குப் போகாதீர்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, வேறு எங்கே என்ன சாப்பிட்டார், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொல்லுங்கள். குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். இரண்டாவது போனும் வந்தால் அந்த அயிட்டத்தை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஏற்பாட்டாளரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சாப்பாடுதான் காரணமா என்பது தெரிய வேண்டுமானால் அந்தச் சாப்பாடு இருக்க வேண்டும். ஸ்டாலுக்குக் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, சுடுதண்ணீரில் கழுவிய சின்ன டப்பாவில் போட்டு, தேதியும் நேரமும் ஒட்டி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். பெரிய சமையல்கூடங்களில் இது வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வைத்ததைச் செவ்வாய்க்கிழமை இரவு கொட்டிவிடுவேன். வீட்டில் பசங்களுக்குத் தெரியட்டும் என்று டப்பா மூடியில் சிவப்பு மையில் ‘தொடாதே’ என்றும் எழுதியிருக்கிறேன்.